ஜிம்னியில் லிஃப்ட் கிட் போட்டபின் 70-ல் ஸ்டியரிங் நடுக்கம், திருப்பினால் திரும்பி வருவதில்லை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பொள்ளாச்சி_ஜிம்னி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2023 மாடல் ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல் கியர். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வழிகளுக்கும் ஆனைமலை அடிவாரத் தோப்புகளுக்கும் அடிக்கடி போகிற வண்டி என்பதால் வண்டியை உயர்த்துகிற 40 மிமீ லிஃப்ட் கிட் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். கிட்டில் வந்தவை நாலு ஸ்பிரிங், நாலு ஷாக் அப்சார்பர், முன்பக்க ஆர்முக்கான காஸ்டர் புஷ் (முன் ஆக்ஸிலின் சாய்வைத் திருத்துகிற புஷ்) நாலு. கூடவே டயரும் மாற்றியாச்சு, 215/75 ஆர்15 ஆல் டெரெய்ன். ரிம் கம்பெனி ரிம்தான், ஸ்பேசர் எதுவும் கிடையாது. பான்ஹார்ட் ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற கம்பி) வண்டியோடு வந்ததே இருக்கிறது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கோவை சேலம் ரோட்டில் 65, 70 வேகத்தில் போகும்போது பாலத்து ஜாயின்ட்டில் ஒரு பக்க வீல் ஏறி இறங்கினால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வேகமாக அடிக்க ஆரம்பிக்கிறது, 45-க்குக் கீழே வேகம் குறைந்தால்தான் நிற்கிறது. இது எப்போதும் வருவதில்லை, ஆனால் வந்தால் கை வலிக்கும் அளவுக்கு வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பயந்துவிடுகிறார். இரண்டாவது, ஆழியாறிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் பார்த்துவிட்டேன், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேரே வருவதில்லை. திருப்பிய பக்கமே நிற்கிறது, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, வளைவில் சில சமயம் சறுக்கலைத் தடுக்கிற இஎஸ்பி விளக்கு சிமிட்டி பிரேக் தானாகப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. மெதுவாகப் போய்ப் பள்ளத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தமும் உண்டு.

கிட் போட்ட கடையில் கேட்டதற்கு, டயரை மறுபடி பேலன்ஸ் பண்ணலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் கனமான ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்குகிற ஷாக்) ஒன்று போட்டால் நின்றுவிடும் என்றார்கள். பேலன்ஸ் பண்ணியாச்சு, மாற்றம் இல்லை. டேம்பருக்குப் பணம் செலவு பண்ணுவதற்கு முன்னால் இங்கே கேட்கலாம் என்று எழுதுகிறேன். இதே கிட் மாதிரி போட்டவர்கள் யாராவது இருந்தால் எதிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

காட்டுவழி

சரி, முதலில் ஒன்று. இது சரியாகும் வரைக்கும் ஹைவேயில் 50-க்கு மேல் போகாதீர்கள். நடுக்கம் வந்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டாம், முன்பக்கம் எடை ஏறினால் இன்னும் மோசமாகும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானாகவே அடங்கும். பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வருகிற ரோட்டில் இது விளையாட்டில்லை.

அலைன்மென்ட் பண்ணினீர்களா? பண்ணியிருந்தால் அந்த பிரின்ட் அவுட்டில் காஸ்டர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். டோ (முன் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் பார்த்துவிட்டு 'முடிஞ்சுது சார்' என்று அனுப்புகிற கடைகள்தான் நிறைய.

பட்டறை_சேலம்

நான் தொழிலாகவே ஜிப்சி, ஜிம்னி, பழைய ஜீப் வேலைகள் பார்க்கிறேன். தம்பி எழுதியிருப்பதைப் படித்தால் நாலு தொந்தரவும் நாலு தனித்தனிக் கோளாறு மாதிரித் தெரியும். ஆனால் லிஃப்ட் போட்ட வண்டியில் இவை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. ஆக்ஸில் இருக்க வேண்டிய கோணத்திலும் இல்லை, இருக்க வேண்டிய இடத்திலும் இல்லை.

ஜிம்னியின் முன்பக்கம் ஒரே கட்டையான ஆக்ஸில். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஆர்ம் இரண்டு போல்ட்டால் ஆக்ஸிலோடு பிடித்திருக்கும், ஆர்மின் பின்நுனி சேசிஸில் ஒரு போல்ட்டில் ஆடும். ஆர்மும் ஆக்ஸிலும் ஏறக்குறைய ஒரே துண்டு மாதிரி சேர்ந்து அசைகிற அமைப்பு இது. நீங்கள் ஸ்பிரிங்கை நீளமாக்கி சேசிஸைத் தூக்கினால் ஆர்மின் பின்நுனியும் மேலே போகும், அதோடு சேர்ந்து ஆக்ஸில் முன்பக்கமாக உருளும். வீல் திரும்புகிற அச்சான கிங்பின் பின்னால் சாய்ந்திருந்த சாய்வு குறையும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் நேராகப் போகிறது, அதே விஷயம்தான். காஸ்டர் போனால் ஸ்டியரிங் திரும்பி வராது, ரோட்டில் அலையும், ஒரு அடி பட்டால் நடுங்க ஆரம்பித்து நிற்காது.

எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆர்மின் நீளம் 80 செமீ என்று வைத்துக்கொள்வோம், சேசிஸ் 4 செமீ உயர்ந்தால் சுமார் 2.9 டிகிரி குறையும், 5 செமீ என்றால் மூன்றரைக்கு மேல். உங்கள் ஆர்மை டேப் வைத்து அளந்து அதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுக்கிற காஸ்டரே அதிகம் இல்லாத வண்டிக்கு இது சின்ன இழப்பு இல்லை.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் உயரத்தை அளங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும். டயரிலிருந்து தரைக்கு அளக்கக் கூடாது, டயர் மாறியிருப்பதால் அந்தக் கணக்கு தப்பாகும். உங்கள் டயர் பழைய 195/80-ஐ விட விட்டத்தில் சுமார் 10 மிமீ பெரியது, அதாவது வண்டி 5 மிமீ டயரால் மட்டுமே உயர்ந்திருக்கும், அதற்கும் காஸ்டருக்கும் சம்பந்தமில்லை. கிட் போடாத ஜிம்னி ஒன்று தெரிந்தவரிடம் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள். பெட்டியில் 40 என்று போட்டிருந்தாலும் வண்டியில் அது 60 வரை வந்துவிடுவதுண்டு, ஏனென்றால் பல ஸ்பிரிங்குகள் இரும்பு பம்பரும் வின்ச்சும் சுமக்கிற வண்டிக்கு என்றே செய்தவை, வெறும் வண்டியில் போட்டால் உட்காராது.

அடுத்தது காஸ்டர் அளவு. அலைன்மென்ட் கடையில் 'டோ மட்டும் போதும்' என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். ஆக்ஸில் திடமானது என்பதால் மெஷினில் காஸ்டரை அவர்களால் சரிசெய்ய முடியாது, ஆனால் அளக்க முடியும், நமக்கு வேண்டியது அந்த எண்தான்.

மூன்றாவது, கிட்டில் வந்த காஸ்டர் புஷ்ஷை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று படுத்துப் பாருங்கள். அந்தப் புஷ்ஷில் போல்ட் துளை நடுவில் இருக்காது, ஒதுங்கி இருக்கும். ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும் புஷ்ஷில் துளை மேலே ஒதுங்கியிருக்க வேண்டும், பின்னால் இருப்பதில் கீழே. அப்போதுதான் ஆக்ஸிலின் மேல்பக்கம் பின்னால் சாயும். தலைகீழாகப் போட்டிருந்தால் லிஃப்ட் தின்றது போக புஷ்ஷும் தன் பங்குக்குத் தின்றுவிடும். பிரஸ்ஸில் வைத்து அடிக்கும்போது குறி பார்க்காமல் அடித்துவிட்டால் வெளியிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போட்ட மாதிரியே தெரியும். உங்கள் வண்டியில் ஸ்டியரிங் 'திருப்பிய பக்கமே நிற்கிறது' என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

நாலாவது, ஆட்டம். வண்டி தரையில் நிற்கட்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கால் சுற்று அளவுக்கு இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் கீழே படுத்து பான்ஹார்ட் ராடின் இரண்டு நுனி, டிராக் லிங்க்கின் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகிற கம்பி) இரண்டு நுனி, டை ராடு (இரண்டு முன் வீலையும் இணைக்கிற கம்பி), ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் எல்லாவற்றிலும் கை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட் தேய்ந்து பளபளவென்று வளையம் விழுந்திருந்தால் அந்த போல்ட் நகர்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொன்ன 'டக்' சத்தம் அங்கிருந்து வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் கிங்பின் பேரிங். ஒரு பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், மிதித்த பிறகும் இருந்தால் கிங்பின்.

டேம்பரைப் பற்றி கடைசியாக. அது போட்டால் நடுக்கம் நிற்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே போல்ட் துளை நீள்வட்டமாகிக்கொண்டே போகும், உங்களுக்குத் தெரியாது. கோளாறு சொல்கிற ஒரே குரலை அடைத்துவிடுகிற வேலை அது.

நீலகிரி_ஜிப்சி

பட்டறை அண்ணன் சொன்ன எல்லாம் சரி, டேம்பர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஜிம்னிக்குக் கம்பெனியிலேயே ஸ்டியரிங் டேம்பர் உண்டு. கல்லும் முண்டுமாக இருக்கிற வழியில் ஓடுகிற வண்டியில் அதில் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருக்கலாம். கழற்றி கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் எதிர்க்க வேண்டும், நடுவில் எங்காவது 'லொடக்' என்று இடம் விட்டால் மாற்றத்தான் வேண்டும். நல்ல டேம்பர் என்பது தேவையான பாகம்தான், கோளாறை மூடுகிற பாகமாக மட்டும் பார்க்கக் கூடாது. கனமானது தேவையில்லை, கம்பெனி டேம்பர் உயிரோடு இருந்தால் போதும்.

டயர் காற்றும் பாருங்கள். ஆல் டெரெய்ன் போட்டால் கூட ஐந்தாறு பிஎஸ்ஐ ஏற்றச் சொல்வார்கள். ஜிம்னி எடை 1200 கிலோதான், அவ்வளவு காற்றில் டயர் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஸ்டியரிங்குக்கு அனுப்பும். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கிற அளவுக்கே வைத்து ஓட்டிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

பட்டறை_சேலம்

ஒத்துக்கொள்கிறேன், செத்த டேம்பரை மாற்றத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது உயிரோடு இருக்கிறதைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிட இரண்டு மடங்கு கனத்தில் போடுவதைத்தான். அது ஸ்டியரிங் திரும்பி வருவதையும் இன்னும் மந்தமாக்கும், காஸ்டர் குறைந்த வண்டியில் அது வேண்டவே வேண்டாம்.

பொள்ளாச்சி_ஜிம்னி

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

உயரம்: அடுத்த தெருவில் கிட் போடாத ஜிம்னி ஒன்று இருக்கிறது, அதோடு ஒப்பிட்டேன். முன்னால் 55 மிமீ, பின்னால் 45 மிமீ அதிகம். பெட்டியில் 40 என்றுதான் இருக்கிறது. என் வண்டியில் கம்பெனி பம்பர்தான், வின்ச் கிடையாது.

காஸ்டர்: கோவையில் ஒரு கடையில் முழுசாக அளந்து பிரின்ட் கொடுத்தார்கள். இடது மைனஸ் 2.6, வலது மைனஸ் 2.4. மைனஸ் என்று பார்த்ததும் அந்தக் கடைக்காரரே மறுபடி ஒருமுறை அளந்தார், அதே எண்தான் வந்தது.

புஷ்: இரண்டு பக்கமும் முன் புஷ்ஷில் துளை கீழே, பின் புஷ்ஷில் மேலே. அதாவது அண்ணன் சொன்னதற்கு நேர் எதிர்.

சத்தம்: பான்ஹார்ட் ராடு சேசிஸில் பிடிக்கிற போல்ட்டைச் சுற்றி பளபளவென்று வளையம். ஸ்டியரிங் ஆட்டும்போது விரல் வைத்தால் தெளிவாக ஆடுகிறது. ஸ்பேனர் போட்டால் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பியது. கிங்பினிலும் வீல் பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. டேம்பர் கசிவு இல்லை, கையால் பார்த்ததில் ஒரே கனம்.

காற்று 34 வைத்திருந்தார்கள், ஸ்டிக்கர் அளவுக்குக் குறைத்துவிட்டேன்.

இனி என்ன செய்வது? புஷ்ஷை எடுத்துத் திருப்பிப் போட்டால் போதுமா, இல்லை புதுசு வாங்க வேண்டுமா?

பட்டறை_சேலம்

மைனஸ் இரண்டரையில் மலை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். உடனே சரி பண்ணுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கணக்கு இப்படிப் போகும். அந்தப் புஷ் 2 டிகிரி திருத்துவதற்காகச் செய்தது என்றால், தலைகீழாகப் போட்டதால் 2 டிகிரி குறைந்திருக்கிறது, நேராகப் போட்டால் 2 கூடும். மொத்தம் 4 டிகிரி வித்தியாசம். மைனஸ் இரண்டரையிலிருந்து பிளஸ் ஒன்றரைக்கு வர வேண்டும். வந்தால் புஷ்தான் காரணம் என்று உறுதி. அதற்கு மேலும் வேண்டுமென்றால் உயரத்தைக் குறைப்பதுதான் நல்ல வழி, 55 எதற்கு உங்களுக்கு?

பாலியூரித்தேன் புஷ் என்றால் கிழியாமல் வெளியே வந்தால் மறுபடி போடலாம். ரப்பர் புஷ்ஷாக இருந்து உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருப்பது என்றால் பிரஸ்ஸில் எடுக்கும்போது பெரும்பாலும் போய்விடும், புதுசு வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பாலியூரித்தேனுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவாமல் போட்டால் கொஞ்ச நாளில் கீச் கீச் என்று கத்தும், வண்டியில் இருக்கிறவர்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று, பத்தில் எட்டுக் கடையில் தப்பாகச் செய்வது இதுதான். வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் போல்ட்டையோ பான்ஹார்ட் போல்ட்டையோ கடைசி இறுக்கம் இறுக்கவே கூடாது. ரப்பர் புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் ஆடும். தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி தரைக்கு வந்த நிமிஷத்திலிருந்து ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நிற்கும். சவாரி கல் மாதிரி இருக்கும், சீக்கிரமே ரப்பர் கிழிந்து சத்தம் போடும். போல்ட் எல்லாவற்றையும் கையால் மட்டும் இறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பம்பரைப் பிடித்து நாலைந்து தடவை அழுத்திவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அதற்குப் பிறகு கீழே படுத்து டார்க் ரெஞ்சில் சர்வீஸ் மேனுவல் அளவுக்கு இறுக்க வேண்டும். கீழே நின்று வேலை பார்க்கிற பிட் இருக்கிற பட்டறையாகப் பார்த்துப் போனால் இது பத்து நிமிஷ வேலை.

பான்ஹார்ட் போல்ட் தளர்ந்தே ஓடியிருப்பதால் சேசிஸ் பிராக்கெட்டில் துளை வட்டமாக இருக்கிறதா என்று போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். நீள்வட்டமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளரும். அப்போது தடித்த வாஷரை அந்த இடத்தில் வெல்டு வைத்துத் துளையை மீட்க வேண்டும். போல்ட்டும் நட்டும் புதுசு போடுங்கள்.

அலைன்மென்ட்_மதுரை

ஸ்டியரிங் வீல் சாய்ந்து நிற்பதையும் இஎஸ்பி சிமிட்டுவதையும் யாரும் இன்னும் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன்.

பான்ஹார்ட் ராடு ஒரு நுனி சேசிஸில், ஒரு நுனி ஆக்ஸிலில். வண்டி உயர்ந்ததும் ராடு இன்னும் செங்குத்தாகச் சாயும், ஆனால் அதன் நீளம் மாறாது, அதனால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். 40, 50 மிமீ லிஃப்ட்டில் பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். டிராக் லிங்க்குக்கும் இதே கதை, உயரம் மாறியதும் ஸ்டியரிங் வீலின் நடுநிலை நகர்ந்துவிடும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு டயர் ஓரத்துக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான நகர்வு.

இதைச் சரிசெய்ய நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு போடுங்கள். பிராக்கெட் போட்டு ராடின் ஒரு நுனியை மட்டும் இறக்குகிற முறையும் விற்கிறார்கள், ஆனால் பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில் இணையாக இருந்தால்தான் பள்ளத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் இருக்கும். ஒன்றை மட்டும் இறக்கினால் அந்த இணை போய்விடும், ஒவ்வொரு குழியிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்பக்க ஆக்ஸிலுக்கும் தனி ராடு உண்டு, அதையும் அளக்க மறக்காதீர்கள்.

இஎஸ்பி ஏன் குழம்புகிறது என்றால், ஸ்டியரிங்கில் கோணம் பார்க்கிற சென்சார் இருக்கிறது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் பத்து டிகிரி திரும்பியிருந்தால், ஓட்டுநர் திருப்புகிறார், ஆனால் வண்டி திரும்பவில்லை, சறுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து ஒரு பக்க வீலுக்குப் பிரேக் பிடிக்கும். மலை வளைவில் இது ஆபத்து. சில பேர் ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிக்கொடுத்துவிடுவார்கள், கண்ணுக்கு நேராகத் தெரியும், சென்சார் பழைய நிலையிலேயே இருக்கும், அதை ஒத்துக்கொள்ளவே கூடாது. டிராக் லிங்க்கில் இருக்கிற அட்ஜஸ்டரைத் திருப்பித்தான் நேராக்க வேண்டும்.

வரிசை இதுதான்: உயரம் முடிவாகட்டும், அப்புறம் காஸ்டர், அப்புறம் பான்ஹார்டால் ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவருவது, அப்புறம் டிராக் லிங்க்கில் ஸ்டியரிங்கை நேராக்குவது, டோ, கடைசியில் ஸ்கேனர் போட்டு சென்சாருக்கு நடுநிலையைச் சொல்லிக்கொடுப்பது. நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

காட்டுவழி

காஸ்டரை அதிகமாகத் திருத்தினால் இன்னொரு பக்கம் இடிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்ஸில் பின்னால் சாயச் சாய டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும், முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கூடும். ஜிம்னியில் 2எச்-ல் (பின் வீலுக்கு மட்டும் சக்தி போகும் நிலை) முன் ஹப் விடுபட்டு இருப்பதால் ரோட்டில் ஒன்றும் தெரியாது, 4எச் (நாலு வீலுக்கும் சக்தி) போட்டால்தான் அதிர்வு தெரியும். இதைச் சோதிக்க மண் ரோடோ சரளையோ பாருங்கள், காய்ந்த தார் ரோட்டில் 4எச் போடாதீர்கள், இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

பிரேக் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் வயரும் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரோட்டில் எதுவும் தெரியாது, ஏதாவது ஒரு ஓடையில் ஒரு வீல் அந்தரத்தில் தொங்கும்போதுதான் அறுந்துபோகும்.

நீலகிரி_ஜிப்சி

'டக்' சத்தம் போல்ட் இறுக்கிய பிறகும் மிச்சம் இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். வேகத்தடையில் ஏறும்போது சத்தம் இல்லாமல், இறங்கி வீல் கீழே தொங்குகிற நொடியில் மட்டும் அடித்தால் ஷாக் நீளம் போதாமல் கடைசி வரை இழுபட்டு இடிக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் மட்டும் வைத்து பழைய ஷாக்கையே விட்ட வண்டிகளில் இது கட்டாயம் வரும். முழு கிட்டிலும் ஷாக் நுனி ரப்பரும் வாஷரும் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தால் இதே சத்தம் வரும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. உயரம் கூட்டும் எல்லாருமே இதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுக்க வேண்டும். கழற்றின கம்பெனி ஸ்பிரிங், ஷாக், புஷ் எதையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

பொள்ளாச்சி_ஜிம்னி

வேலை முடிந்தது, முழுசாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

புஷ் பாலியூரித்தேன் என்பதால் கிழியாமல் வந்தது, திருப்பிப் போட்டு கிரீஸ் தடவினோம். காஸ்டர் இடது பிளஸ் 1.3, வலது பிளஸ் 1.5. பட்டறை அண்ணன் போட்ட கணக்கு அப்படியே வந்தது. பான்ஹார்ட் துளை வட்டமாகத்தான் இருந்தது, புது போல்ட் நட் போட்டு வண்டியைத் தரையில் நிறுத்தி இறுக்கினோம். அதற்குப் பிறகு கூடவே இருந்து பார்த்ததில் ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு மறுபடி தரையில் வைத்தே இறுக்கச் சொன்னேன், தளர்த்தியதும் வண்டி முன்பக்கம் 'டொப்' என்று கொஞ்சம் உட்கார்ந்தது. அளந்து பார்த்தால் 55 இருந்தது 49. அப்படியென்றால் தொங்கவிட்டு இறுக்கிய ஆர்ம் பின்நுனி ரப்பரும் சேர்ந்துதான் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அதே பாலத்து ஜாயின்ட்டுகளில் 70, 80-ல் ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. ஸ்டியரிங் திரும்பி வருகிறது, ஆனால் கம்பெனி நிலையில் வந்த அளவுக்கு விறுவிறுப்பாக இல்லை. 'டக்' சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. ஆக்ஸில் இன்னும் 8 மிமீ ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, நீளம் மாற்றும் பான்ஹார்ட் ராடு சொல்லி வைத்திருக்கிறேன், அது வரும் வரை டிராக் லிங்க்கில் ஸ்டியரிங்கை நேராக்கி சென்சாரையும் சரிபண்ணியாச்சு, இஎஸ்பி இப்போது தொந்தரவு இல்லை. பிரேக் ஹோஸ் முழுக்கத் தொங்கும்போது முன் இடது பக்கம் விறைப்பாக இருக்கிறது, நீளமான ஹோஸ் போடும் வரைக்கும் மேலே எஸ்டேட் வழிக்குப் போகப்போவதில்லை.

முன் ஸ்பிரிங் மட்டும் கனம் குறைந்தது மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அண்ணன்கள் என்ன சொல்கிறீர்கள்?

பட்டறை_சேலம்

மாற்றுங்கள். 49-லிருந்து 40-க்கு இறங்கினால் அரை டிகிரிக்கு மேல் காஸ்டர் சும்மாவே கிடைக்கும், சவாரியும் மெதுவாகும். ஆனால் பான்ஹார்ட் ராடு வாங்குவதற்கு முன்னால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், இல்லையென்றால் ராடு நீளம், ஸ்டியரிங் நேர், டோ, சென்சார் எல்லாம் இரண்டு தடவை செலவு. புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும், அதற்குப் பிறகு உயரத்தை அளந்துகொண்டு ராடை அட்ஜஸ்ட் பண்ணுங்கள்.

அப்போதே ஆர்ம், பான்ஹார்ட், ஷாக் போல்ட் எல்லாவற்றிலும் டார்க் ரெஞ்ச் ஒருமுறை போட்டுவிட்டு, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். மலை இறங்கி வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் உயர்ந்திருப்பதால் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டு இருக்கும்.